சாம்பல்வால் வாழும் உயரம்

கல்லைப் புரட்டினால் திரும்ப அதே இடத்தில், அதே முகமாக வைத்துவிட்டு வர வேண்டும். மேல்பக்கம் மேலே, பாசி பிடித்த ஓரம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையில். கீழே குடியிருக்கும் ஜீவனுக்கு அதுதான் கூரை. நாம் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போக நமக்கு உரிமை கிடையாது. முப்பத்தொரு வருடத்தில் நான் புரட்டிய கற்கள் நாற்பதாயிரத்துக்குக் குறையாது. ஒன்றைக்கூடக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வருமுன் இதுவும் தராசில் ஏற வேண்டும் அல்லவா.

தேநீருக்கு நன்றி. உங்கள் அறை நன்றாக இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் வரைபடம் மட்டும் இடப்பக்கம் ஒரு விரல் சரிந்திருக்கிறது. நேற்றே சொல்ல நினைத்தேன். கேட்காமல் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று விட்டுவிட்டேன். எழுதிக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். அப்பா, சித்தப்பாக்கள், அண்ணன்கள் எல்லோரும் காலையில் கடையோடு சேர்த்து வாயையும் திறந்து, சாயங்காலம் கடையோடு சேர்த்து வாயையும் மூடுகிறவர்கள். இவர்கள் ஒன்று சொல்வார்கள், வந்தவர் பாதி கேட்பார், இவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போவார், கூப்பிடுவார்கள், திரும்பி வருவார். இதெல்லாம் முடிந்து ஒரு கட்டத்தில் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "கட்டுப்படியாகாது." அதற்கப்புறம் எதிரில் நிற்பது சொந்த மாமனாராக இருந்தாலும் துணி மடிக்கப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. எங்கே பேரம் இல்லையோ அங்கே போனேன். அருங்காட்சியகத்தில் தேள், சிலந்திப் பிரிவு. தேள் பேரம் பேசுவதில்லை.

சாம்பல்வால் என்கிற தேளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆள்காட்டி விரல் நீளம். உடம்பு கறுப்பு, வால் மட்டும் அடுப்புச் சாம்பல் நிறம். இடுக்கி மெலிந்திருக்கும், வால் தடித்திருக்கும். பொதுவாக ஒரு கணக்கு உண்டு: இடுக்கி பெரிதாக இருந்தால் பிடித்துக் கொல்லும் ஜாதி, வால் பெரிதாக இருந்தால் கொட்டிக் கொல்லும் ஜாதி. இது இரண்டாவது. மலையின் கிழக்குச் சரிவில், தட்டையான பலகைக்கல்லுக்கு அடியில் இருக்கும். எல்லாக் கல்லும் அதற்குப் பிடிக்காது. மூன்று விரல் கனம் வேண்டும். மெலிதாக இருந்தால் மதியம் அடுப்பாகிவிடும், தடிப்பாக இருந்தால் சூடே ஏறாது. ஒரு கல்லுக்கு ஒன்று. இரண்டாவது வந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பிறந்த இடத்திலிருந்து ஐம்பது அறுபது அடிக்குள் வாழ்ந்து சாகும். வெளியூர் போகும் பழக்கமே கிடையாது. அதனால்தான் இது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒரு கோடு போட்டுச் சொல்ல முடிந்தது.

அந்தக் கோடு நான் போட்டது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டர். அதற்கு மேலே சாம்பல்வால் உண்டு, கீழே இல்லை. சும்மா போட்டுவிடவில்லை. கோட்டுக்குக் கீழே மட்டும் எண்ணாயிரம் கல் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அருங்காட்சியகத்தின் நுழைவாயில் அறையில் சுவரளவு வரைபடம் இருக்கிறது, அதில் சிவப்புக் கோட்டை ஏணியில் ஏறி என் கையாலேயே வரைந்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்தது. சுகாதாரத் துறை அதை வைத்துத்தான் விஷமுறிவு மருந்தைப் பங்கிட்டது. குறைவாகக் கிடைக்கிற மருந்து, சீக்கிரம் கெட்டுப்போகிற மருந்து. கோட்டுக்கு மேலே இருக்கிற மூன்று மருத்துவ நிலையங்களுக்கு மட்டும் போகும். கீழே உள்ள ஆஸ்பத்திரிக்குத் தேவையில்லை. மலையில் என்னைக் 'கோட்டு சார்' என்பார்கள். கிண்டல்தான். ஆனாலும் நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டதில்லை.

இனி என் மனைவியின் தம்பியைப் பற்றி. ஆயிரத்து நூறு மீட்டரில் ஒரு பலகைக்கல் குவாரி இருக்கிறது. அவர் அங்கே மேலாளர். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. சட்டைப்பையில் பேனா, காதில் பென்சில், கையில் எப்போதும் டேப். எதைப் பார்த்தாலும் அளப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் தோசைக்கல்லைக்கூட அளந்து பார்த்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். என்னை அத்தான் என்பார், நான் மாப்பிள்ளை என்பேன். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர்.

ஆறு வருடத்துக்கு முன் அவர்தான் முதல் பாட்டிலைக் கொண்டுவந்தார். ஊறுகாய் பாட்டில். உள்ளே சாம்பல்வால், செத்தது. கல் அறுக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் கிடைத்ததாம்.

"அத்தான், உங்க ஆளு கோட்டைத் தாண்டி எறங்கி வந்துட்டான்," என்றார்.

நான் விளக்கினேன். மேலே ஆயிரத்து ஐந்நூறில் இன்னொரு குவாரி இருக்கிறது. அங்கிருந்து லாரியில் கல் கீழே வருகிறது. கல்லோடு தேளும் வரும். மனிதன் சுமந்துகொண்டு வந்து போட்ட ஜீவனை எங்கள் தொழிலில் அந்த ஊரின் ஜீவனாகச் சேர்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனை எல்லாம் ஊர்க்காரன் என்று பதிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு அதை மறுபடி சொல்லச் சொன்னார்.

அது நியாயமான விளக்கம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்த ஐந்து வருடத்தில் அவர் மொத்தம் பதினொரு பாட்டில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருப்பார்: இடம், உயரம், தேதி. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நான் அந்தச் சீட்டுகளைப் பிரித்து எடுத்துவிட்டு, பாட்டிலை என் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு சீட்டில்கூடப் பொய் எழுதியதில்லை. எந்த அருங்காட்சியகத்திலும் எழுதிவைத்த சீட்டுதான் உயிர். சீட்டு இல்லாத பாட்டிலில் இருப்பது வெறும் செத்த பூச்சி. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. பொய் எழுதுவது வேறு, எழுதாமல் இருப்பது வேறு.

டாக்டரம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். கீழ் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். நேற்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. நான்கு தடவை எனக்குப் போன் செய்தார்கள். முதல் தடவை குவாரியின் கிரேன் ஓட்டுநர். வியர்த்துக் கொட்டுகிறது, வாயில் எச்சில் நிற்கவில்லை, கை கால் சில்லிட்டுவிட்டது, மூச்சில் நுரை வருகிறது, சாம்பல்வாலாக இருக்குமா என்று கேட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கொட்டியது எந்த உயரத்தில்? ஆயிரத்து நூறு என்றார்கள். அப்படியென்றால் சாம்பல்வால் இல்லை என்றேன். மேலே மருந்துக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். தேவையில்லை என்றேன். கேட்ட கேள்வி என் துறைக்குள் வருகிற கேள்வி. பதில் சொல்லவேண்டியது என் கடமை.

இரண்டாவது, பட்டறையில் கல் தேய்க்கிற பெண். மூன்றாவது, கேன்டீன் சமையல்காரர். நான்காவது, காவலாளியின் மகள், நான்கு வயது. அன்றைக்கு டாக்டரம்மா போனில் அழுதுகொண்டிருந்தார்கள். அழுகிறவர்களிடம் உயரத்தைத் தெளிவாகக் கேட்டு வாங்க முடியாது. இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஆயிரத்து நூற்றிருபது. பதிலை மாற்ற எந்த முகாந்திரமும் இல்லை.

இதயக் கோளாறு, இதயக் கோளாறு, உணவு ஒவ்வாமை, காய்ச்சல் என்று இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது நான் அல்ல.

அந்தக் குழந்தை என் மைத்துனருக்குச் செல்லம் போலிருக்கிறது. கல் எடை போடுகிற மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் எத்தனை கல்?" என்று கேட்குமாம். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் எதையும் அளப்பதில்லை. அக்காவிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார். நான் வேலை அதிகம் போல என்று நினைத்தேன். எனக்கும் வேலை அதிகம். என் புத்தகம் அச்சில் இருந்தது. முப்பத்தொரு வருட உழைப்பு. மடித்து வைக்கிற வண்ண வரைபடம் ஒன்று உண்டு. அதை மட்டும் அச்சடித்து முடித்து, உலர வைத்திருந்தார்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். காற்றோட்டத்துக்கு மூடியில் துளை போட்ட ஒரு சாப்பாட்டு டப்பா கையில். செருப்பைக் கழற்றவில்லை, நேராக உள்ளே வந்து மேசைமேல் வைத்தார். என் மனைவி காலைச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் கண்டதை வைக்கிறானே என்று திட்டியபடி தட்டை நகர்த்தினாள்.

டப்பாவில் உயிருள்ள சாம்பல்வால் இருந்தது. பெண். அதன் முதுகு முழுக்க வெள்ளையாகக் குட்டிகள். அரிசி சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து முதல் தோல் உரிக்கிற வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், தாய் முதுகிலேயே சுமக்கும்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவ இல்ல அத்தான் இவ," என்றார். "குடும்பம் நடத்துறா."

எங்கே என்று கேட்டேன். குவாரியிலிருந்து தள்ளி, காட்டுச் சரிவில். லாரி போன இடமில்லை, மனிதன் கை வைத்த கல்லில்லை. மண்ணில் வேர் பிடித்துக் கிடந்த கல். பக்கத்துக் கற்களிலும் பார்த்திருக்கிறார், ஏழு தாய்கள். உயரம் ஆயிரத்து நூற்றெண்பது.

"அந்த இடத்துல நான் பாத்திருக்கேன் மாப்பிள்ளை. இல்லையே."

"நீங்க பாத்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு. தேளுக்கு உங்க மேப் படிக்கத் தெரியாது அத்தான். அது பாட்டுக்கு எறங்குது."

ஒரு நல்ல வியாபாரி அந்த இடத்தில் கோபப்பட மாட்டான். நானும் படவில்லை. பேசிப் பார்த்தேன். அச்சாகட்டும், இரண்டாம் பதிப்பில் ஒரு அடிக்குறிப்புப் போடலாம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று மாற்றலாம், ஐம்பது மீட்டர் தள்ளுபடி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆயிரத்து நூறு. அதுக்கு ஒரு மீட்டர் கூடப் போட்டாலும் குவாரி வெளிய போயிடும். கொஞ்சம் எறங்கி வாங்க அத்தான்."

"கட்டுப்படியாகாது மாப்பிள்ளை," என்றேன்.

என் மனைவி சிரித்தாள். அவளுக்கு என் அப்பாவைத் தெரியும்; நான் அவரைப் போலவே சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை மூடியபடி, திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டரம்மாவைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பதினொரு பாட்டிலையும் எடுத்துவைக்கச் சொன்னார்.

"சீட்டெல்லாம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். அது பொய். வாயால் சொன்னது, எழுதியதல்ல.

நான் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். கோட்டை இறக்குவது எனக்குப் பெரிய காரியமில்லை. சுவரில் இருக்கிற சிவப்பை அழித்துக் கீழே வரைய அரை நாள் போதும். ஆனால் ஆயிரத்து நூறுக்கு இறக்கினால் அந்தக் கிரேன் ஓட்டுநர், அந்தப் பெண், சமையல்காரர், குழந்தை நால்வரும் கோட்டுக்கு மேலே வந்துவிடுவார்கள். இப்போது கோட்டுக்குக் கீழே, இதயக் கோளாறிலும் காய்ச்சலிலும் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களை எதற்கு எழுப்ப வேண்டும்?

இடத்தை நேரில் பார்த்துவிட்டு நானே டாக்டரம்மாவிடம் வந்து சொல்கிறேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அக்காவிடம் திரும்பி, "பாத்தியா, அத்தான் அத்தான்தான்," என்றார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை என் ஜீப்பில் போனோம். குவாரிச் சாலையில் நிறுத்திவிட்டு பத்து நிமிடம் நடை. நல்ல வெயில், காற்று இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். குழந்தையைப் பற்றி அல்ல. ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கப் பழைய குளிர்பெட்டி ஒன்று குவாரி ஆபீஸில் சும்மா கிடக்கிறது, அதைக் கொடுத்துவிடலாம் என்று. இடத்துக்கு வந்ததும் என் உயரமானியைப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றெண்பத்திரண்டு. இரண்டு மீட்டர் தவறியிருந்தார், அவ்வளவுதான். அவர் காட்டியது அந்த ஏழு தாய்களில் இன்னொன்றின் கல், சரியான கல். மூன்று விரல் கனம், கிழக்கு முகம்.

கல்லைப் புரட்ட ஒரு முறை இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் நின்று, அப்பக்கத்து ஓரத்தைப் பிடித்து நம் பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது கல்லே நமக்குக் கதவு. கீழே இருப்பது எதிர்ப்பக்கம்தான் பாயும். எதிர்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இது முதல் நாள் பாடம்.

நான் சொல்லித்தான் அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் வாக்குமூலம் முழுமையாகாது. குட்டிகள் சிதறிவிடும், காலி டப்பாவை ஓரத்தில் ஒட்டிப் பிடியுங்கள், கையால் அணைத்துக்கொள்ளுங்கள் என்றேன். குட்டி சுமக்கிற தாய் மற்ற தேள்களைப் போலத் தயங்காது. கையுறை என் கையில் ஒரு ஜோடி இருந்தது. இன்னொரு ஜோடி ஜீப்பில் இருந்தது. நான் மறக்கவில்லை.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் கொட்டியது. அவர் கத்தவில்லை. "அம்மா" என்று மெதுவாகச் சொன்னார், பிறகு டப்பாவை மூடினார். கொட்டு வாங்கிய கையாலேயே மூடினார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. தேள் உள்ளே இருந்தது. நான் கல்லை இருந்தபடியே வைத்தேன்.

இனி உயரங்களைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப் கீழே பத்து நிமிடத்தில். ஜீப்பில் ஏறினால் மருந்து இருக்கிற மேல் நிலையத்துக்கு நாற்பது நிமிடம். நான் அவரிடம் வேறு சொன்னேன். ஆயிரத்து நானூறில் என் பழைய முகாம் அறை இருக்கிறது, கல்லால் கட்டியது, அங்கே மருந்து வைத்திருக்கிறேன், குறுக்குப் பாதையில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்றேன். அவர் என்னை நம்பினார். தேள் விஷயத்தில் எல்லோரும் என்னை நம்புவார்கள்.

செங்குத்தான பாதை. கொட்டு வாங்கியவர் நடக்கவே கூடாது. நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். முதல் அரைமணி நன்றாகத்தான் ஏறினார். பிறகு சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எச்சிலைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு இடத்தில் நின்று, என் பையைக் காட்டினார்.

"உள்ள என்ன கிணுகிணுங்குது அத்தான்?"

"காலி பாட்டில்," என்றேன்.

மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் இரண்டு குப்பி விஷமுறிவு மருந்து கையில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் அருங்காட்சியக விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். பெட்டியின் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறது: 'ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் மட்டும்.' என் கையெழுத்து.

ஆயிரத்து முந்நூறு தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார். கண் நிலையாக நிற்கவில்லை, இங்கும் அங்கும் ஓடியது. இன்னும் எவ்வளவு என்று கேட்டார். தொண்ணூறு மீட்டர் என்றேன்.

"அறுபதுன்னு சொல்லுங்க அத்தான்."

"எண்பது."

"எழுபது," என்றார். "எழுபதுக்கு முடிச்சுக்குங்க."

சிரிக்கப் பார்த்தார், வாயில் நுரை வந்தது. சரி, எழுபது என்றேன். எழுந்தார். வாழ்க்கையில் நான் பேரத்தில் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். தூரம் தொண்ணூறுதான் இருந்தது, இருந்தாலும் வாய்வார்த்தையாகவாவது விட்டுக்கொடுத்தேன்.

ஆயிரத்து முந்நூற்று எழுபதில் விழுந்தார். அதற்கப்புறம் நான்தான் தோள்களுக்குக் கீழே கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பது மீட்டர் என்று சொல்ல எளிது. செங்குத்தில் ஓர் ஆளை இழுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தடவை அக்கா என்றார். வேறு ஏதும் சொன்னாரா என்று என் மனைவி கேட்டாள். இல்லை.

கோட்டைத் தாண்டி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னும் கொஞ்சம் மேலே போய், உயரமானியில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காட்டியதும் அவரைப் படுக்கவைத்துப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு குப்பியையும் ஏற்றினேன். முறைப்படி, மெதுவாக, ஊசி போட்ட இடத்தைத் துடைத்துவிட்டு. மருந்து கொடுக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. பிரேதப் பரிசோதனையிலும் அது தெரிந்திருக்கும். கால்மணி நேரம் மூச்சு இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தேன். வழியில் குலுங்கியதில் தாய் மிரண்டு, குட்டிகளில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டிருந்தது. அதன் சுபாவம் அது. மிச்சத்தை ஊதித் தட்டிவிட்டேன். பக்கத்தில் பொருத்தமான ஒரு கல்லைப் பார்த்து, அதன் அடியில் தாயை விட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்தேன். சரியான முறையில், பின்னால் நின்று, கல்லைத் தூக்கினேன். பிடித்து பாட்டிலில் போட்டு, சீட்டு எழுதினேன்: பெண், ஒன்று, கிழக்குச் சரிவு, பலகைக்கல்லுக்கு அடியில், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அதில் எந்த வார்த்தை பொய்? அந்தக் கல்லுக்கு அடியிலிருந்துதான் எடுத்தேன். அந்த உயரத்தில்தான் எடுத்தேன். நான் சீட்டில் பொய் எழுதுகிறவன் அல்ல. அதனால்தான் இவ்வளவு தூரம் ஏற வேண்டியிருந்தது.

கல்லைத் திரும்ப இருந்தபடி வைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

அவருடைய சட்டைப்பையை நான் பார்க்கவில்லை. செத்தவரின் பையில் கை விடுவது மரியாதையில்லை. அதில் அவர் காலையிலேயே எழுதிவைத்த சீட்டு இருந்திருக்கிறது. இதோ உங்கள் மேசைமேல். 'தாய், குட்டிகளுடன். ஆயிரத்து நூற்றெண்பது.' நேரமும் போட்டிருக்கிறார், ஒன்பது நாற்பது. அளவு தெரிந்த கை. ஆனால் அவசரத்தில் காதில் இருந்த பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவால் எழுதிவிட்டார். பாட்டிலில் ஊற்றுகிற ஸ்பிரிட் பட்டால் பேனா மை கரைந்துவிடும். தொழிலில் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இதை நீங்கள் சாட்சியமாக வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பதினொரு பாட்டிலையும் காய்கறிப் பையில் போட்டு இங்கே கொண்டுவந்தது என் மனைவி. இரண்டைத் தலைகீழாக வைத்திருந்தாள், ஸ்பிரிட் கசிந்துவிட்டது. கோபத்தில் இருக்கிறாள், போகப்போகச் சரியாகிவிடுவாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதிக்கொள்கிறவர் சொன்னார். நான் அவள் தம்பிக்கு மருந்து கொடுத்ததை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

இந்தக் காகிதத்தைக் கொடுத்தீர்கள். சுகாதாரத் துறைக்குக் கடிதம். கோடு ஆயிரத்து நூறு என்று மாற்றி நான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இன்றைக்கே கீழ் ஆஸ்பத்திரிக்கு மருந்து அனுப்பிவிடுவார்கள், வரைந்தவன் கையெழுத்து இல்லாமல் அவர்கள் ஒரு வாரம் கூட்டம் போடுவார்கள் என்கிறீர்கள். புரிகிறது. குவாரியில் நூற்றிருபது பேர் வேலை செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் கல்மனசுக்காரன் அல்ல. இரண்டு நாளாக என்னை மரியாதையாக நடத்தினீர்கள். தேநீர் கொடுத்தீர்கள். இறந்தவர் என் மனைவியின் தம்பி. எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே கட்டுப்படியாகாது.